பெட்ரோல் பிளசரும் குரூடாயில் பிளசரும்

போன மாதம் எங்கள் மோட்டார் மெக்கானிக் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து என்னை ஒரு பேட்டரிக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் என்று நான்தான் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, "போகலாமாங்க?" என்றார்கள். "மொதல்ல ஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்றேன். "ஸ்டார்ட் ஆயிருச்சுங்க" என்றார்கள். கார் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தொண்ணூறை எட்டிப் பார்க்கிற வயதில் ஒரு மெக்கானிக்குக்கு இப்படி ஒரு அதிசயம் கிடைப்பது கொடுப்பினைதான். இறங்கியதும் பானெட்டைத் திறக்கச் சொல்லி, எண்ணெய்க் கறை இல்லாத அந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவர்கள் வந்த காரியம் வேறு. சங்கத்து ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். "ஒர்க்‌ஷாப்புக்கு வாரவங்க எல்லாம் ஒரே கேள்விதாங்க கேக்குறாங்க. பத்து வருசம் வச்சு ஓட்டுனா பெட்ரோல் காரு லாபமா, பேட்டரிக் காரு லாபமான்னு. நாங்க என்னத்தங்க சொல்றது?" என்றார் இருவரில் மூத்தவர்.

பேட்டரிக் காரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாததை எழுதி அச்சிலும் ஏற்றுகிற துணிச்சல் எனக்கு இல்லை. ஆனால் கிட்டத்தட்ட இதே கேள்வியை இதே புதுக்கோட்டையில் ஒரு டிரைவர் கேட்டார். அவருக்கு அது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. அதற்கு எங்கள் ஃபோர்மேன் பதில் சொன்ன விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காதவர்களுக்கு மலரில் அடுத்த பக்கம் விளம்பரம் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்த 1948-ல் நான் திருக்கோகர்ணம் ரோட்டில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ராஜா போய்விட்டாரே, இனி என்ன ஆகும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. எனக்கு ஸ்பானர் பிடிக்கக் கிடைத்ததே ராஜ்ஜியம் கிடைத்த மாதிரி இருந்தது. முதலில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், பிறகு நட்டு முடுக்கினேன், அதற்குப் பிறகு எஞ்சினுக்குள் கைவிட விட்டார்கள். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். எல்லோருக்கும் அப்படித்தான்.

ஃபோர்மேன் பெயர் இருதயராஜ். யுத்த காலத்தில் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லியான ஆள். பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. ஆனால் அவர் சும்மா வந்து பின்னால் நின்றாலே, முடுக்கின நட்டை இன்னொரு தடவை முடுக்கிப் பார்ப்போம். எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை அதன்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு, "மூணாவது பேரிங்" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பேரிங்தான் போயிருக்கும். நான் எத்தனையோ தடவை அதே ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே இரைச்சல்.

அவர் வைத்திருந்த ஒரு வழக்கம் வேறு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நான் பார்க்காதது. ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமான் எதையும் தூக்கி எறிய விடமாட்டார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோணிச் சாக்கு. சாக்கின்மேல் தாரினால் வண்டி நம்பர். தேய்ந்த பேரிங், கருகிய பிளக், உடைந்த போல்ட் எல்லாம் அந்தந்த வண்டியின் சாக்குக்குள் போகும். பின்சுவர் ஓரமாக வரிசையாகச் சாக்குகள் நிற்கும். புது சாமான் போட்டதாகச் சொல்லிவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்று வண்டிக்காரர்கள் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக ஆரம்பித்ததாம். யாரும் வந்து பார்த்ததில்லை. பெருச்சாளிகள்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

இனி அந்த இரண்டு வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் ஒரே மாதிரி இரண்டு அமெரிக்கக் கார்கள் இருந்தன. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள், பிளசர் என்போம். நீளமான, கறுத்த, ஆறு சிலிண்டர் பிளசர். பர்மா வியாபாரம் படுத்துப்போனதும் அந்த வீட்டுக்காரர்கள் வண்டிகளைக் குறைந்த விலைக்குத் தங்கள் டிரைவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ஒருவர் கறம்பக்குடிக் கருப்பையா. இன்னொருவர் பொன்னமராவதிச் சின்னையா. கருப்பையாவின் தங்கையைத்தான் சின்னையா கட்டியிருந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பிளசரைக் கொண்டுவந்து புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வாடகைக்குப் போட்டார்கள். இரண்டுக்கும் நாங்கள்தான் வைத்தியம்.

பெரிய வீட்டுக்குப் பெட்ரோல் ஒரு செலவே இல்லை. வாடகை வண்டிக்கு அதுதான் எல்லாம். திருச்சிக்கு ஒரு தடவை போய்வந்தால் வாங்கின காசில் பாதியை வண்டியே குடித்துவிடும். ஐம்பதுகளின் நடுவில் மதராஸ் பக்கம் சிலர் இந்த மாதிரி வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைக்கிறார்கள் என்று சேதி வந்தது. டீசலை அப்போது குரூடாயில் என்போம். விலை மலிவு, தூரமும் கூடப் போகும். சின்னையா துணிந்தார். மரப்பெட்டியில் அடைத்த எஞ்சின் லாரியில் வந்து இறங்கியது. எங்கள் ஊரில் ஒரு பிளசருக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஃபோர்மேன், பிளக் எங்கங்க?" என்றேன்.

"இல்ல."

"அப்ப எதுலங்க பத்தும்?"

"காத்துல" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் போய் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "வாயக் கட்டவெரலால அமுக்கிக்கிட்டு வேகமா அடி." அடித்தேன். கொஞ்ச நேரத்தில் பம்பின் அடிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுட்டது.

"சுடுதா?"

"சுடுதுங்க."

"நீ நெருப்பு வச்சியா?"

"இல்லைங்க."

"எஞ்சினுக்குள்ள இதவிடப் பல மடங்கு அமுக்கு. அதுக்குள்ள எண்ணெயப் பூத்தூறலாத் தெளிச்சா என்னாகும்னு நெனைக்கிற?"

நாம் மூக்கால் இழுத்துவிடுகிற காற்றுக்குள்ளே நெருப்பு இருக்கிறது, அமுக்கினால் வெளியே வருகிறது! அன்றைக்கு முழுவதும் அந்தப் பம்பை எடுத்துக்கொண்டு டீக்கடைக்காரர், தபால்காரர், எதிர்வீட்டுக்காரர் என்று ஒருவர் விடாமல் அடித்துக் காட்டிச் சூட்டைத் தொட்டுப் பார்க்க வைத்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்கள். எனக்கு அந்த ஆச்சரியம் இன்றைக்கும் தீரவில்லை. சைக்கிள் பம்பைப் பார்த்தால் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன்.

எஞ்சினை ஏற்றி முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. குரூடாயில் குழாயில் காற்று இல்லாமல் எடுத்து, இரண்டு பேட்டரியைச் சேர்த்து, ஃபோர்மேன் தலையசைத்ததும் சின்னையா சாவியைத் திருகினார். எஞ்சின் முதலில் இருமியது. பிறகு வெள்ளைப் புகையைக் கக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. மரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. வண்டியின் கதவு, கண்ணாடி, மட்கார்டு அத்தனையும் தனித்தனியாக ஆடின. ஃபோர்மேன் மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நெருப்பு வைக்காமல் எரிகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள், நிஜம்.

கருப்பையாவும் பார்க்க வந்திருந்தார். "என்னா மாப்ள, பிளசருக்குள்ள மாவு மில்லக் கொண்டாந்து வச்சுட்டியே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருடைய பெட்ரோல் பிளசர் நின்ற இடத்தில் ஓடினால், ஓடுகிறதா இல்லையா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அப்படி ஒரு மெஷினைச் செய்த கைகளை நினைத்து நான் பலமுறை வாயைப் பிளந்திருக்கிறேன். அதை யாராவது கழற்றச் சொன்னால் கருப்பையா அடிக்கவே வந்துவிடுவார்.

அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷம் ஓடியது. சின்னையாவின் வண்டி மாதம் தவறாமல் ஒர்க்‌ஷாப்புக்கு வரும். எஞ்சின் ஆடுகிற ஆட்டத்தில் போல்ட் முறியும், ரேடியேட்டரில் விரிசல் விழும், சைலன்சர் குழாய் கழன்று ரோட்டில் இழுத்துக்கொண்டு வரும். "ஆத்தாடி, இன்னைக்கு என்ன கேக்கப்போகுதோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டுதான் இறங்குவார். அவருடைய சாக்கு நிரம்பி, இரண்டாவது சாக்கும் போட்டாயிற்று. கருப்பையாவின் வண்டி எப்போதாவதுதான் வரும். அவர் சாக்கு ஒன்றே ஒன்று, அதுவும் முக்கால்வாசி. மலிவு மலிவு என்று போய்ச் சின்னையா மாட்டிக்கொண்டான் என்று ஸ்டாண்டிலே பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஸ்டாண்டில் நடந்தது வேறு. வாடகைக்கு வருகிறவர்கள் முதலில் கருப்பையாவின் பளபளப்பான வண்டியைத்தான் பார்ப்பார்கள். ரேட்டைக் கேட்டதும் நைசாக நகர்ந்து சின்னையாவிடம் போய்விடுவார்கள். பெட்ரோல் விலைக்குக் கருப்பையாவால் அதற்குக் கீழே இறங்க முடியாது. அவருக்கு மிஞ்சியது மாப்பிள்ளை அழைப்பு மட்டும்தான். சத்தமே இல்லாத வண்டி, நாயனச் சத்தம் கெடாது என்று கூப்பிடுவார்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வண்டி ஷெட்டில் நிற்கும். அவர் அதைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைப்பார். பிறகு எஞ்சினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவார். 'சூடு காட்டுவது' என்று அதற்குப் பெயர். பெரிய வீட்டில் வண்டிகள் சும்மா நிற்கிற நாளில் டிரைவர்கள் காலையில் செய்கிற வேலை அது. வீட்டை விட்டு வந்தும் அவர் அந்த வழக்கத்தை விடவில்லை.

அறுபதுகள் பிறந்த பிறகு ஒரு நாள் கருப்பையா ஒர்க்‌ஷாப்புக்கு நடந்து வந்தார். வண்டி இல்லாமல் அவரைப் பார்ப்பதே ஒரு மாதிரி இருந்தது. திருச்சியிலிருந்து பழைய இரும்புக்காரன் ஒருவன் வந்து, பிளசரைப் பிரித்து எடைக்கு எடுத்துக்கொள்வதாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"அண்ணே, எனக்கு ஒரு வழி சொல்லுங்க. இத இப்படியே வச்சுக்கவா, எடைக்குப் போட்டுறவா, இல்ல குரூடாயிலுக்கு மாத்தவா? வருசக்கணக்குல வச்சுப் பாத்தா எதுண்ணே கட்டுப்படியாகும்? ஊர்ல துண்டுப் புஞ்சை ஒண்ணு இருக்கு. எஞ்சினு வாங்கணும்னா அதத்தான் ஒத்திக்கு வைக்கணும். தப்பாப் போச்சுன்னா வண்டியும் போச்சு, நெலமும் போச்சு. வீட்டுல நாலு சீவன் இருக்குண்ணே."

அவர் அழவில்லை. ஆனால் எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வா" என்றார்.

மறுநாள் தரையைக் கூட்டச் சொல்லி, இரண்டு பேரின் சாக்குகளையும் கொண்டுவந்து தனித்தனியாகக் கொட்டச் சொன்னார். கொட்டினேன். ஒரு பெருச்சாளி ஓடியது. சின்னையாவின் குவியல் முழங்கால் உயரம் இருந்தது. கருப்பையாவின் குவியல் அதில் கால்வாசிகூட இல்லை. சாக்கில் அடங்காத பழைய டயர்களை உருட்டிக்கொண்டுவந்து பக்கத்தில் சாத்தினேன்.

கருப்பையாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பாத்தியா மாப்ள! ஒன் வண்டி தின்னதப் பாத்தியா!" என்றார். சின்னையா தலையைச் சொறிந்தார்.

ஃபோர்மேன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதலில் கருப்பையாவின் டயரை இழுத்து, ரோட்டில் படுகிற மேல்பக்கத்து வரிகளைக் காட்டினார். "இந்தப் பட்டனத் தொட்டுப் பாரு. புதுசு மாதிரி இருக்கு. பக்கம் பூராவும் வெடிப்பு. இது ரோட்டுல தேயல கருப்பையா. நின்ன எடத்துல வெடிச்சது." அடுத்து சைலன்சரை எடுத்துத் தரையில் தட்டினார். வெளியே வழவழவென்று இருந்த அதற்குள்ளிருந்து துரு பொலபொலவென்று கொட்டியது. "எஞ்சினு நல்லாச் சூடாகுறதுக்கு முன்னாடி நிறுத்துனா, பொகையில இருக்க தண்ணி வெளியேறாது. உள்ளயே நிக்கும். நீ தெனமும் காலையில சூடு காட்டுறேன்னு செய்யிற பாரு, அது தண்ணி ஊத்துறதுதான்." பிளக்குகளை வரிசையாக வைத்தார். எல்லாம் கரி. முனை ஒன்றும் தேயவில்லை. பிரேக் சிலிண்டர் துருவேறி ஒட்டிக்கிடந்தது. பேட்டரித் தகடுகள் சும்மா கிடந்தே வெளுத்துப்போயிருந்தன. ஒவ்வொன்றையும் அவர் கருப்பையாவின் கையிலேயே கொடுத்தார். கருப்பையா வாங்கி வாங்கிக் கீழே வைத்தார்.

பிறகு சின்னையாவின் குவியல். ரிவிட் தெரிகிற வரை தேய்ந்த கிளட்ச் பிளேட். காகிதமாகிப்போன பிரேக் லைனிங். பேரிங் ஒவ்வொன்றும் கண்ணாடியாக மின்னியது. "இது எப்ப மாத்துனது?" என்று ஃபோர்மேன் கேட்க, "அதா, பழனிக்குத் தைப்பூசத்துக்குப் போயிட்டு வந்தமே, அப்பங்க" என்பார் சின்னையா. "இது?" "வேளாங்கண்ணி." "இது?" "திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஒரே வாரத்துல நாலு தடவ போனேங்க, அப்ப." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் அந்த இரும்பை எல்லாம் என் கையால் கழற்றி, என் கையால் சாக்கில் போட்டவன். குப்பை என்றுதான் போட்டேன். அதில் இத்தனை ஊரும் இத்தனை ஜனமும் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு வண்டி ஓடி ஓடித் தேய்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் அதே கம்பெனி, அதே வருஷத்து வண்டி நின்று நின்றே செத்துக்கொண்டிருந்தது.

ஃபோர்மேன் எழுந்தார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"குரூடாயில் லாபமான்னு கேட்டா நான் சொல்ல மாட்டேன். எஞ்சின் வெலை கூட. ஒடைசல் கூட. எண்ணெய் ஒண்ணுதான் மலிவு. அந்த மலிவு ஓடுனாத்தான் ஒங்கைக்கு வரும், நிறுத்தி வச்சா வராது. நெதம் ஓட்டுவேன்னு சொல்லு, மாட்டித் தாரேன். தொடச்சுத் தொடச்சு ஷெட்டுல வைக்கணும்னா பெட்ரோலே இருக்கட்டும். நெலத்துல கை வைக்காத."

சங்கத்து நண்பர்களே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான். வருகிறவரிடம் வண்டி விலையையும் பேட்டரி விலையையும் கேட்பதற்கு முன்னால், நீங்கள் தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாதவருக்கு எந்தக் கணக்கும் உதவாது.

கருப்பையா அந்தச் சைலன்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளையாட்டம் பாத்துக்கிறதா நெனச்சேனே அண்ணே" என்றார் கடைசியில். பிறகு, "மாத்திருவோம். நான் ஓட்டுறேன்" என்றார். சின்னையா, "மச்சான், எனக்கு வார வாடகைக்கே ஒரு வண்டி பத்தலை. நீங்க வாங்க, சேந்து நிப்போம்" என்றார்.

புஞ்சை ஒத்திக்குப் போனது. எஞ்சின் வந்து இறங்கியது. பழைய எஞ்சினைச் செயின் புளாக்கில் மாட்டித் தூக்கினோம். கருப்பையாவால் பார்க்க முடியவில்லை, டீக்கடைக்குப் போய்விட்டார். அப்புறம்தான் வினை வந்தது.

எஞ்சின் இருந்த இடம் காலியானதும் ஃபோர்மேன் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் இறங்கினார். சேஸ் என்கிற அடிச்சட்டத்தை முன்னாலிருந்து ஒரு விரற்கடைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. எஞ்சினின் முன்கால் உட்கார வேண்டிய குறுக்குச் சட்டத்துக்கு வந்ததும் சத்தம் மாறி, தப் என்றது. சுண்ணக்கட்டியால் அங்கே ஒரு கோடு போட்டார். அடுத்த தட்டும் தப். இன்னொரு கோடு. இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு கோடாக விழுந்தது. மேலே பெயின்ட் பளபளத்தது. தினமும் கழுவிய தண்ணீர் சட்டத்துக்குள்ளே இறங்கித் தங்கி, உள்ளிருந்தே அரித்திருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் ஆடாது, அதனால் இத்தனை நாள் தாங்கியது. குரூடாயில் எஞ்சின் ஆடுகிற ஆட்டத்துக்கு ஒரு வாரம் தாங்காது.

டீக்கடையிலிருந்து திரும்பி வந்த கருப்பையா அந்தக் கோடுகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

ஃபோர்மேன் இரண்டு நாள் அந்தச் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன். "மெலிஞ்ச தகடு, நெருப்புப் பட்டா ஓட்டையாகும். அப்படியே பிடிச்சாலும் வெல்டுக்குப் பக்கத்துல வெடிக்கும்" என்றார். பிறகு பழைய லாரிச் சேஸ் ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டச் சொன்னார். அரித்த பாகத்தை அறுத்து எறிந்துவிட்டு, லாரித் துண்டைச் சட்டத்துக்குள் சொருகுகிற மாதிரி அரத்தால் ராவினோம். ராவுவது, சொருகிப் பார்ப்பது, உருவி எடுத்து மறுபடி ராவுவது. தாள் நுழையாத அளவுக்கு வந்த பிறகு துளை போட்டோம். உலையில் ரிவிட்டைப் பழுக்கக் காய்ச்சி இடுக்கியால் எடுத்துக் கொடுப்பேன். துளையில் சொருகியதும் அந்தப் பக்கம் ஒருவர் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுக்க, இந்தப் பக்கம் ஃபோர்மேன் அடிப்பார். ரிவிட் ஆறும்போது சுருங்கி இரண்டு தகட்டையும் இறுக்கிக்கொள்ளும். ஒன்று ஆறிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட விடமாட்டார்.

எஞ்சின் ஏறியது, ஓடியது, ஆடியது. சட்டம் தாங்குமா? அது எப்படித் தெரியும்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஃபோர்மேன் ஒரு கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்தார். வண்டிக்கு அடியில் படுத்து, ரிவிட் அடித்த இடம் முழுவதும் மட்டையால் பூசினார். காய்ந்து வெள்ளையாக நின்றதும், பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னார். "குளத்தூர் வரைக்கும் போயிட்டு வா. மேடு பள்ளம் பாக்காத, விட்டு ஓட்டு" என்று கருப்பையாவிடம் சொன்னார். "சட்டம் ஒரு மயிரிழை அசைஞ்சாலும் சுண்ணாம்பு வெடிச்சுக் காட்டிக்குடுத்துரும்."

எஞ்சினுக்குள்ளே நடக்கிறதைக் காதால் கேட்டவர், இரும்புக்குள்ளே நடக்கிறதைச் சுண்ணாம்பைக் கொண்டு பேச வைக்கிறார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட்டிக் கழித்தால் என் ஆயுளில் அப்படி வாயடைத்து நின்ற தடவைகள் சிலதான் இருக்கும். எல்லாம் அந்த மனுஷன் பக்கத்தில்தான்.

கருப்பையா போனார். குளத்தூர் ரோடு அப்போது பாதி கல், பாதி பள்ளம். நாங்கள் யாரும் வேலை பார்க்கவில்லை. வெயில் ஏறி உச்சிக்கு வந்தது. சின்னையா ரோட்டுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். தூரத்தில் அந்தத் தடதடவென்கிற சத்தம் கேட்டதும் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். வண்டி உள்ளே வந்து நின்றது. முழுக்கப் புழுதி. கருப்பையா ஸ்டீரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "நான் பாக்க மாட்டேண்ணே. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ஃபோர்மேன் டார்ச் லைட்டோடு அடியில் நுழைந்தார். பக்கத்தில் நானும் நுழைந்தேன். புழுதியை வாயால் ஊதினார். ஒவ்வொரு ரிவிட்டாகச் சுற்றி வெளிச்சத்தை நகர்த்தினார். சுண்ணாம்பு பூசினது பூசினபடி இருந்தது. ஒரு கீறல் இல்லை. அவர் மறுபடியும் முதல் ரிவிட்டிலிருந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வண்டிக்கு அடியில் படுத்தபடியே சிரித்தார்.

வெளியே வந்து, "எடுத்துக்கிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். கருப்பையா கையெடுத்துக் கும்பிட்டார். ஃபோர்மேன் அதற்குள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

ஒன்றிரண்டு மாதம் ஆளைக் காணோம். எனக்குக் கவலையாக இருந்தது. பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டு மறுபடியும் துடைத்து நிறுத்திவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். ஒரு நாள் காலையில் பிளசர் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தது. கழுவி எத்தனை நாள் ஆயிற்றோ, நிறமே தெரியவில்லை. கருப்பையா எஞ்சினை நிறுத்தாமலேயே குதித்து இறங்கினார். கையில் இரண்டாக உடைந்த ஸ்பிரிங் பிளேட், வண்டியின் எடையைத் தாங்குகிற இரும்புப் பட்டை.

"அண்ணே, பிளேட் ஒடைஞ்சு போச்சு!" என்று, பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவர் மாதிரி கத்தினார்.

"எங்கிட்டு ஒடைஞ்சுச்சு?" என்றார் ஃபோர்மேன்.

"ராமேஸ்வரம் போயிட்டுத் திரும்பையிலண்ணே. உள்ள ஆளு ஏழு உருப்படி, மேல மூட்டை. ஓடி ஒடைஞ்சதுண்ணே! நின்னு இல்ல, ஓடி!"

ஃபோர்மேன் உடைந்த இடத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். அது என்ன சொன்னதோ, அவருக்குத்தான் தெரியும். கருப்பையாவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. அவரே ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டிக்கு அடியில் வைத்தார்.

"சீக்கிரம் மாட்டிக் குடுங்கண்ணே" என்றார். "ஸ்டாண்டுல ஆள் காத்துக்கிட்டு நிக்குது."